குருந்தக்குழிக் கன்றுகள்

காலையில் முழங்காலுக்கு மேலே நின்ற புங்கங்கன்று, வெயில் ஏறி அவன் மறுநடை தண்ணீரோடு வந்தபோது முழங்காலுக்குக் கீழே நின்றது.

பெரியண்ணன் தோளிலிருந்த குடத்தை இறக்காமலே கன்றையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தான். தண்டு ஒடியவில்லை. கொழுந்து கருகவில்லை. ஆடு வாய் வைத்த அடையாளம் இல்லை. சித்திரை வெயிலில் கரடு முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்க, இந்த இலைகள் மட்டும் விளக்கெண்ணெய் பூசினது மாதிரி மினுமினுத்தன. மரம் என்றால் வளரும், இல்லாவிட்டால் காயும், ஆடு தின்றால் மொட்டையாகும். குட்டையாகிற மரத்தை எவன் பார்த்திருக்கிறான்? எவனோ பெரிய கன்றைப் பிடுங்கிக்கொண்டு சின்னதை நட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. எதைப் பார்த்தாலும் அவனுக்கு முதலில் தோன்றுவது அதுதான். எவனோ ஒருவன் தன் அடிமடியில் கை வைக்கிறான்.

அன்றைக்கென்று பார்த்து இப்படி ஆக வேண்டுமா? பொழுது சாய ரேஞ்சர் வருகிறார்.

கம்பைநல்லூருக்கு மேற்கே இந்தக் கரட்டில் உலகச் சண்டை நடந்த வருசங்களில் ஒரு கம்பெனி குருந்தக்கல் எடுத்தது. பட்டறைகளில் இரும்பைத் தீட்டுகிற சாணைக்கு அந்தக் கல்தான் வேணும். சண்டை முடிந்ததும் கம்பெனிக்கு வேலையும் முடிந்தது. குழியை மூடி, மேலே மரம் வளர்த்து, நிலத்தைக் காட்டு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூடி மேடாக்கியாகிவிட்டது. வேம்பும் புங்கனும் நட்டாகிவிட்டது. ரேஞ்சர் வந்து கன்றின் கழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் வேர் ஊன்றவில்லை என்று அர்த்தம். மண்ணைத் தோண்டி மறுபடி நடச் சொல்வார். வராவிட்டால் சுற்றி வேலி போட்டுக் காடாக்கிவிடுவார்கள். அப்புறம் அங்கே எவனும் கடப்பாரை போட முடியாது. இத்தனை நாள் தண்ணீர் சுமந்த பெரியண்ணனுக்குக் காட்டுக் காவல் வேலை. காக்கிச் சட்டை, கரட்டடியில் ஓட்டு வீடு. இல்லையென்றால் தொப்பூர்க் கணவாயில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போக வேண்டியதுதான். ஐம்பதைத் தாண்டின முதுகு அதற்கு ஆகாது.

"என்ன பெரியண்ணா, கன்னு கீழ்முகமா வளருதாட்டம் இருக்குது?"

ஆட்டுக்காரன் காளி, மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தொரட்டியை ஊன்றிக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"உன் ஆட்டக் கட்டிப் போடுடா மொதல்ல."

"கட்டணுமா? பச்சை தெரியற எடம் இது ஒண்ணுதான். ஒரு குட்டி உள்ள வருதான்னு பாரேன். ஓட்டி வுட்டாலும் வராது. முள்ளுமேல நிக்கிற மாதிரி நிக்குது."

"அதுக்கு அறிவு இருக்குது. உனக்குத்தான் இல்ல. போடா."

காளி சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆடுகள் அவனுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டன. கழுத்துமணிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியதும்தான் கரட்டில் வேறு சத்தமே இல்லை என்பது பெரியண்ணனுக்கு உறைத்தது. அந்த வெயிலுக்கு ஓயாமல் கத்த வேண்டிய சில்வண்டு கத்தவில்லை. கல்லுச் சந்தில் ஓணான் ஓடவில்லை. மலைப்பக்கமிருந்து வருகிற காற்று மேட்டின் விளிம்பு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது போல, விளிம்புக்கு அந்தப் பக்கம் ஆவாரை ஆடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒரு இலை அசையவில்லை.

இடுப்புப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்தான். சுற்றியிருந்த கன்றுகளின் தண்டில், மண்ணை ஒட்டி, விரலால் வளையம் போட்டான். எவனாவது கன்றை மாற்றினால் வளையம் இருக்காது. திருடன் மாட்டிக்கொள்வான். போட்டுவிட்டுப் பாறை நிழலில் குந்திக் கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

உச்சிப்பொழுது. கன்றுகளின் நிழல் காலடிக்குள் சுருண்டுகொண்டது. பாறை முதுகில் சுட்டது. மண்ணிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. முதலில் மழை பெய்த மண் வாசனை மாதிரி இருந்தது. மழை எங்கே பெய்தது? அப்புறம் அதில் ஊறின வியர்வையும், புகைந்த விளக்கெண்ணெய்த் திரியும், கடைசியாகப் பீடியும் கலந்து வந்தன. யாரோ பக்கத்தில் பற்ற வைத்தது போலத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடி கன்றைப் பார்த்தான்.

சுண்ணாம்பு வளையம் இல்லை.

அடுத்ததைப் பார்த்தான். வளையம் பாதி தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதிப் பாதியும் மண்ணுக்குள் போனது. ஒரு இலை மண்ணில் முட்டி, மடங்கி, அதுவும் உள்ளே போனது. அவசரம் இல்லாமல். கிணற்றுக்குள் வாளியை விடுகிற மாதிரி.

பெரியண்ணன் போய் அதன் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்தான். வந்தது. ஒரு சாண் லேசாக வந்தது. பிறகு நின்றது. அப்புறம் கீழேயிருந்து ஒரு சுண்டு. வேர் அப்படிச் சுண்டாது. கயிறு தாங்குமா என்று ஏறப்போகிறவன் பிடித்துப் பார்ப்பானே, அந்தச் சுண்டு.

கையை உதறினான். கொஞ்ச நேரம் கை தன்னுடையது மாதிரியே இல்லை. களைக்கொத்தை எடுத்து, பக்கத்துப் புங்கங்கன்றின் அடியில் மண்ணைப் பறித்தான். திருட்டுப் பயல் எவனாவது சுரங்கம் வெட்டியிருப்பான் என்று வாய் முணுமுணுத்தது. மனசு அதை நம்பவில்லை. முழங்கை ஆழத்தில் வேர் தெரிந்தது. புங்கன் வேர் பக்கவாட்டில் பரவும். இது பரவவில்லை. தோல் உரித்து, சல்லிவேர் கழித்து, மூன்று புரியாகப் பிரித்து முறுக்கியிருந்தது. வடம். நல்ல வடம். அதோடு பக்கத்துக் கன்றின் வேரை இணைத்து முடிச்சுப் போட்டு, அதற்குக் கீழே இன்னொன்றை இணைத்து, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

முறுக்கு இடப்பக்கம் போயிருந்தது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் இடப்பக்கம் கயிறு முறுக்கியவன் ஒருத்தன்தான். பீச்சாங்கைக்காரன். பெரியண்ணன் பெண்டாட்டி செல்லியின் தம்பி, கரியன்.

குழியில் ஒரு வழக்கம் இருந்தது. கீழே இறங்குகிறவன் வடத்தை அவன் அக்கா புருஷன்தான் பிடிப்பான். மேஸ்திரிமார் கண்டுபிடித்ததல்ல, வேலையாட்கள் வைத்துக்கொண்டது. கூடப் பிறந்தவன் பங்கு நிலத்துக்காக விட்டுவிடலாம். சிநேகிதன் பயந்து விட்டுவிடலாம். அக்கா புருஷன் விட்டால் ராத்திரி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவான்? மேலே நிற்கிறவன் வடத்தின் நுனியை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கரியன் ஒவ்வொரு தரமும் இறங்கும்போது, "மாமா, கட்டிக்கிட்டியா?" என்பான். கட்டிக்கொண்டேன் என்று கேட்ட பிறகுதான் காலை உள்ளே வைப்பான்.

ஐப்பசி மழையில் குழியின் ஒரு பக்கம் சரிந்த அன்றைக்கும் பெரியண்ணன் கட்டிக்கொண்டுதான் இருந்தான். வடம் ஒரே சுண்டில் அவனைக் குழி விளிம்புக்கு இழுத்தது. கீழே கரியனும் இன்னும் சில பேரும் கத்தினார்கள். பெரியண்ணன் முடிச்சை அவிழ்த்தான். அவ்வளவுதான். கை நடுங்காமல் அவிழ்த்தான். மறுநாள் கம்பெனி ஏஜெண்டு, உள்ளே யாரும் இல்லை, எல்லாரும் கோலார் தங்கவயலுக்கு ஓடிவிட்டார்கள் என்று சொன்னபோது தலையை ஆட்டினான். மூன்று நாள் மண் தள்ளினார்கள். மூன்று நாளும் சத்தம் கேட்டது. நான்காம் நாள், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை உனக்குத்தான் என்றார்கள்.

"ஏங்க."

பெரியண்ணன் சட்டென்று தான் பறித்த குழிமேல் உட்கார்ந்துவிட்டான்.

செல்லி கூழுக் கலயத்தோடு மேட்டில் ஏறி வந்தாள். வெயிலில் முகம் கருத்திருந்தது. கலயத்தை வைத்தாள், போகவில்லை.

"மண்ணுலயா குந்துவாங்கோ? நெழலுக்கு வாங்க."

"இங்கத்தான் காத்து வருது."

"எங்க வருது?" சுற்றிப் பார்த்தாள். "இன்னிக்கு அந்த ரேஞ்சர் வராருன்னீங்களே. ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க. கன்னு வரலேன்னு."

"சொன்னா?"

"தோண்டுவாங்க இல்ல."

"தோண்டி?"

"பாக்கலாம் இல்ல. இருந்தா எடுத்துப் பொதைக்கலாம். இல்லாட்டிப் போனா கோலாருன்னு நெனச்சுக்கறேன்."

"ஏஜெண்டு சொன்னாருடி. நாங் காதால கேட்டேன்."

"கோலாருக்குப் போறவன் சோத்துக் கலயத்த இங்கயே வுட்டுட்டா போவான்? பீடிக் கட்ட வுட்டுட்டுப் போவானா? அக்காகிட்ட ஒரு சொல்லு சொல்லாம போவானா?"

அவனுக்கு அடியில் மண் அசைந்தது. வேட்டிக்குக் கீழே, தொடையை உரசிக்கொண்டு, முறுக்கின வேர் ஒரு சுற்றுத் திரும்பி இறுகியது. எழுந்திருக்க முடியாது. எழுந்தால் அவள் பார்த்துவிடுவாள். தம்பி முறுக்கை அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டில் தொட்டில் கட்டினதே அவன் முறுக்கின கயிற்றில்தான்.

"கன்னெல்லாம் ஜோரா வந்திருக்குது. போ வூட்டுக்கு."

"நானே சொல்லிக்கறேன் அவருகிட்ட."

"பல்லத் தட்டிக் கையில குடுத்துருவேன்."

"தட்டுங்க. பொக்க வாயோட சொல்றேன்."

அவள் போய்ப் பாறை நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதையைப் பார்த்தபடி. அவள் பார்வை அந்தப் பக்கம் திரும்பினதும் பெரியண்ணன் மண்ணைத் தள்ளிக் குழியை மூடி மிதித்தான். நிமிர்ந்து பார்த்தான்.

மேடு முழுக்கக் கன்றுகள் இறங்கிக்கொண்டிருந்தன. காலையில் இடுப்பளவு நின்ற வேம்பெல்லாம் தொடைக்கு வந்துவிட்டது. தொடைக்கு நின்றது கணுக்காலில் இருந்தது. சில இடத்தில் கொழுந்து மட்டும், மண்ணில் குத்தி வைத்த இணுக்கு மாதிரி. பாதைக்குக் கீழே, தூரத்தில், சைக்கிள் மணி.

குப்புற விழுந்தான். வாயை மண்ணில் வைத்தான்.

"டே மாப்ள. கரியா. இன்னைக்கு ஒருநாள் வுட்றா. ஒரே ஒரு பொழுது. கன்னப் புடிச்சு நிறுத்துடா. அந்தாளு இழுத்தா வரக் கூடாது. உனக்கு வடந்தானே வேணும்? நாந் தாரேன்டா. எங்க வூட்டுலருந்து நல்ல வடமாக் கொண்டாந்து தாரேன். ஆத்தா மேல சத்தியம்."

கொடுக்கிற எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. வேலி போட்டதும் இந்த மேட்டில் காலே வைக்கப்போவதில்லை. அவன் காவல் காக்க வேண்டியது கரட்டை. இந்த ஒரு மேட்டை யார் கேட்கப்போகிறார்கள்?

கீழே எல்லாம் நின்றது. காதை வைத்துக் கேட்டான். கூடிப் பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. பிறகு மண்ணுக்குள்ளிருந்து, கிட்டத்தில், அவன் கன்னத்துக்கு நேர் கீழே, இரண்டு தட்டு. சரி என்பதற்குக் குழியில் அப்படித்தான் தட்டுவார்கள்.

கன்றுகள் ஏறின. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு. முழங்காலிலிருந்து தொடைக்கு. ஒன்றுபோல, ஒரே சீராக, கீழேயிருந்து கையால் தூக்கிக் கொடுத்த மாதிரி.

ரேஞ்சர் ராஜப்பன் தொப்பியால் விசிறிக்கொண்டே மேலே வந்தார். சைக்கிளைப் பாதையடியில் போட்டுவிட்டு ஏறினதில் மூச்சு வாங்கியது. அரூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். முதல் கன்றைக் குனிந்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையும் போட்டு இழுத்தார்.

"என்னய்யா இது, ஆணி அடிச்சு வெச்சிருக்கியா?"

"வேரு நல்லா ஊனிக்கிச்சுங்க சாமி."

"பலே. மண்ணே இல்லாத கல்லுமேட்டுல இப்படி நான் பாத்ததில்ல." இன்னொன்றை இழுத்தார். இன்னொன்றை. ஒன்றுகூட மசியவில்லை. அவர் விடுகிற ஒவ்வொரு கன்றும், அவர் திரும்பினதும், ஒரு விரல் அகலம் இறங்கி மறுபடி ஏறியதைப் பெரியண்ணன் மட்டும் பார்த்தான்.

செல்லி வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் கூப்பினாள்.

"சாமி. இதுக்குள்ள எந் தம்பி கெடக்குறான். ஒருக்கா தோண்டச் சொல்லுங்க சாமி."

ராஜப்பன் பெரியண்ணனைப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிங்க. தம்பி ஓடிப் போனதுலருந்து புத்தி சரியில்லீங்க. கண்ட எடத்துலயும் தோண்டுவா. போன வாரம் மாட்டுக் கொட்டாயத் தோண்டுனா."

பொய். அத்தனையும் அந்த நிமிசத்தில் வாயில் வந்தது. செல்லி அவனைப் பார்த்தாள். ரேஞ்சர் நாக்கைச் சொடுக்கி, "வைத்தியம் பாருய்யா" என்றார். அவள் மெதுவாக மேட்டின் அந்தக் கோடிக்குப் போனாள். அங்கே மண்டியிட்டு, அப்புறம் படுத்து, காதை மண்ணில் வைத்தாள். தலைமுடி கட்டு அவிழ்ந்து மண்ணில் பரந்தது.

"சரி. ஒப்புத்துக்கலாம். வேலி ஆளுங்க நாளைக்கே வருவாங்க. உன் வேலைக்கும் சொல்லிடறேன்."

"சாமி புண்ணியம்."

ரேஞ்சர் இறங்க ஆரம்பித்தார். பெரியண்ணன் மேட்டின் விளிம்பில் நின்று கும்பிட்டான். வெயில் சிவந்து சாய்ந்துவிட்டது. அவன் நிழல் கீழே பாதை வரைக்கும் நீண்டு, அவருக்குப் பின்னாலேயே போனது. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஓட்டு வீடு. காக்கிச் சட்டை.

"ஏங்க."

செல்லி குரல். சாதாரணமாகத்தான் இருந்தது.

"முடி எதுலயோ மாட்டிக்கிச்சு. செத்த வந்து எடுத்து வுடுங்க."

திரும்பினான்.

அவள் படுத்தபடியேதான் இருந்தாள். பரந்து கிடந்த முடி இப்போது பரந்திருக்கவில்லை. மூன்று புரியாகப் பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கமாக.

"வலிக்குதுங்க."

கன்னம் மண்ணில் அழுந்தியது. அவள் கையை ஊன்றி எழப் பார்த்தாள். கை முழங்கை வரை உள்ளே போனது.

பாதையில் ரேஞ்சர் நின்று திரும்பிப் பார்த்தார். இங்கிருந்து ஒரு கூப்பாடு போட்டால் போதும். ஓடி வருவார். ஆள் வரும். கடப்பாரை வரும். மண்ணைத் திறப்பார்கள்.

"என்னய்யா, அந்தம்மா கூப்பிடுதா?"

பெரியண்ணன் ஒரு அடி நகர்ந்தான். அவரிடமிருந்து அவளை மறைக்கிற மாதிரி நின்றான்.

"வழக்கமா இப்படித்தானுங்க. நீங்க போங்க சாமி. பஸ்ஸு போயிரும்."

"ஏங்க! ஏங்க—"

மண் அவள் வாய்க்குள் போகிற சத்தம். குதிகால் தரையைப் பிராண்டும் சத்தம். வளையல் ஒன்று நொறுங்கியது. அவன் திரும்பவில்லை. கையைத் தூக்கி ரேஞ்சருக்குச் சலாம் வைத்தான். சைக்கிள் மணி அடித்தது. தேய்ந்தது. போயிற்று.

பின்னால் சத்தம் இல்லை.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினான். மண் சமமாக இருந்தது. சாணி மெழுகினது போல. அதன் நடுவிலிருந்து ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. கறுப்பாக. நரை கலந்து. தடித்த வடம். நுனியை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேடியது. பக்கத்து வேப்பங்கன்றைத் தொட்டது. தண்டைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. முடிச்சு விழுந்தது.

இரண்டு தட்டு.

வடம் விறைத்தது. கீழே பாரம். தளர்ந்தது. மறுபடி விறைத்தது. கை மாற்றிக் கை மாற்றி, யாரோ ஏறுகிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு பாரம். அதற்கும் கீழே இன்னொன்று.

பெரியண்ணன் பாய்ந்து வேப்பங்கன்றைப் பிடித்தான். இரண்டு கையாலும். காலை ஊன்றி, பல்லைக் கடித்து, பிடுங்கப் பார்த்தான். இழுத்தான். தோல் உரிய இழுத்தான்.

வரவில்லை. வேர் நன்றாக ஊன்றியிருந்தது.